மன்னார்குடிப் பக்கம் மழை மாறிவிட்டதா என்று பொதுத் தரவை வைத்துச் சொல்ல முடியுமா?

பாமணியாறு:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை வேலி நஞ்சை, சம்பாதான் முக்கியம், மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவையும் உண்டு. நான் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. எக்செல் நன்றாக வரும், நிரல் எழுதத் தெரியாது.

எங்கள் ஊர் உழவர் குழுவில் புரட்டாசி பிறந்தாலே இந்தப் பேச்சுதான். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று இருந்த காலம் போய்விட்டது, இப்போது பத்து நாள் சுள்ளென்று காய்கிறது, அப்புறம் இரண்டே நாளில் கொட்டி நட்ட பயிரை முழுக வைத்துவிட்டுப் போகிறது என்கிறார்கள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். நாற்பது வருடமாக வரப்பில் நிற்பவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் வடிகாலைத் தூர்வாரக் கேட்டு ஒரு குறைதீர் கூட்டத்துக்குப் போனபோது, "பருவமழை சராசரியை ஒட்டித்தானே பெய்திருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கையில் ஒரு தாள்கூட இல்லாமல் போய் நின்றதால் எங்களால் எதுவும் பேச முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். எங்கள் பகுதியின் பழைய மழைக் கணக்கு இலவசமாகக் கிடைக்குமா? எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்? என்னைப் போன்றவர்கள் எக்செல்லிலேயே பார்க்க முடியுமா? பார்த்தபின் "இது பருவநிலை மாற்றம்தான்" என்று சொல்லலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படித்துக்கொள்கிறேன்.

மழைமானி:

டீச்சர், கிடைக்கும், இலவசம்தான், நீங்கள் நினைப்பதைவிடப் பழையதும்கூட. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் நாடு முழுவதற்கும் 1901 முதல் ஒவ்வொரு நாளுக்குமான மழை அளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஒரு கட்டம் கால் பாகை அகலம், கால் பாகை உயரம். நம் ஊர் அட்சரேகையில் அது ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். வடக்கே 10.75, கிழக்கே 79.50 என்ற புள்ளியை எடுங்கள், மன்னார்குடி அந்தக் கட்டத்துக்குள்தான் வருகிறது. வெப்பநிலையும் அங்கேயே இருக்கிறது, 1951 முதல், ஆனால் கட்டம் ஒரு பாகை என்பதால் இன்னும் பெரியது.

கோப்பு ஆண்டுக்கு ஒன்று. எக்செல்லில் நேரடியாகத் திறக்காது, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஐஎம்டிலிப் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதை வைத்து ஒரு புள்ளிக்கு மட்டும் எடுத்து, எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக்கிவிடலாம். நாலைந்து வரி வேலைதான். உங்கள் பள்ளியில் கணினி ஆசிரியர் இருப்பார், அவரிடம் கொடுத்தாலே முடித்துத் தருவார். அதன்பிறகு எல்லாம் எக்செல்தான்.

திறந்தவுடன் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தரவு இல்லாத இடத்தில் கழித்தல் 999 என்று போட்டிருப்பார்கள், அதை நீக்காமல் கூட்டினால் மொத்தக் கணக்கும் நாசம். இன்னொன்று, வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அந்த மழையை முடிகிற தேதியில்தான் எழுதுவார்கள். தீபாவளி அன்று பகல் முழுக்கப் பெய்த மழை மறுநாள் தேதியில் இருக்கும். அப்பாவின் நினைவோடு ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். கூட்டத்தில் அவர்கள் சொன்ன "சராசரியை ஒட்டி" என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாத மொத்தம். அது உண்மையாகவே இருக்கலாம், அப்பா சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம், இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. உதாரணத்துக்கு, 440 மில்லிமீட்டர் முப்பது நாளில் பரவிப் பெய்தாலும் ஆறு நாளில் கொட்டினாலும் மொத்தம் ஒன்றுதான், வயலுக்கு ஒன்றா? மொத்தத்தை வைத்துக்கொண்டு உங்கள் குழுவின் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. நாள் கணக்குதான் வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டுக்கும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள். அதில் மூன்று எண் எடுங்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாள்கள் எத்தனை, வானிலைத் துறைக் கணக்கில் அதுதான் மழை நாள். 64.5 மில்லிமீட்டரைத் தொட்ட அல்லது தாண்டிய நாள்கள் எத்தனை, அது கனமழை. மூன்றாவது, தொடர்ந்து மழை நாளே இல்லாமல் போன மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள். இந்த மூன்றாவதுதான் உங்கள் அப்பா சொல்லும் "பத்து நாள் காய்கிறது". எக்செல்லில் மழைக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு, மழை 2.5-க்குக் குறைந்தால் மேலே உள்ள எண்ணோடு ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் பூஜ்யம் ஆக்கு என்று ஒரு நிபந்தனைச் சூத்திரம் எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். ஒவ்வோர் அக்டோபர் முதல் தேதியும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கட்டும். அந்த வரிசையின் உச்ச எண்தான் அந்த ஆண்டின் நீண்ட காய்ச்சல், அதாவது மழையில்லா இடைவெளி.

தாமிரபரணிக்கரை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கட்டத் தரவை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்று எங்கள் ஊர் அனுபவத்தில் சொல்கிறேன். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். பக்கத்துத் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரே நாள், ஒரே மழை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்கள், அதற்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையிலும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. கட்டத் தரவு என்பது சுற்றியுள்ள மழைமானிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட பரப்பு மழை. உச்சம் அதில் மழுங்கிப் போகும். மழை நாள், காய்ந்த நாள் பார்க்க அது போதும். "ஒரே நாளில் எவ்வளவு கொட்டியது" என்பதற்கு மழைமானியின் எண்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல், எல்லா ஆண்டும் ஒரே எண்ணிக்கையில் மழைமானிகள் இருந்ததில்லை. நாடு முழுக்க 6,955 நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துத்தான் அந்தக் கட்டங்களை உருவாக்கினார்கள், ஆனால் எந்த ஒரு நாளிலும் அத்தனையும் சேர்ந்து இயங்கியதில்லை. உங்கள் கட்டத்துக்குள் ஒரு காலத்தில் இரண்டு மழைமானி இருந்து பிறகு ஐந்து ஆகியிருந்தாலோ, ஐந்து இரண்டாகியிருந்தாலோ, மழை மாறாமலேயே வரைபடம் மாறியதுபோல் காட்டும். அதனால் பக்கத்துக் கட்டங்கள் நாலைந்தையும் எடுத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம், ஒன்று மட்டும் தனியாகத் துள்ளினால் சந்தேகப்படுங்கள்.

மழைமானி எண்ணுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் தினசரிப் பதிவை இலவசமாக வைத்திருக்கிறது, அதில் நாகப்பட்டினம் இருக்கிறது, இடையிடையே விடுபட்ட மாதங்களும் இருக்கின்றன. மாவட்டப் புள்ளியியல் கையேட்டிலும், பொருளியல் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் போடும் பருவம் மற்றும் பயிர் அறிக்கையிலும் மாத மழை கிடைக்கும். தினசரி எண் வேண்டுமானால் தாலுகா மழைமானியின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். "1990 முதல் இன்றுவரை தினசரி மழை அளவு, பதிவேட்டின் நகல்" என்று குறிப்பாக எழுதுங்கள், "மழை விவரம்" என்று பொதுவாக எழுதினால் ஆண்டு மொத்தத்தை ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

நிலா_வளி:

நாசா பவர் தளத்தை யாரும் சொல்லவில்லையே. பதிவுகூடச் செய்ய வேண்டாம், வரைபடத்தில் உங்கள் வயலைத் தொட்டால் 1981 முதல் தினசரித் தரவு சிஎஸ்வியாகவே இறங்கும். எக்செல் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதுதான் எளிது.

மழைமானி:

வெப்பநிலைக்கு நல்ல தளம், அதற்கு நானும் பயன்படுத்துகிறேன். மழைக்கு மட்டும் வேண்டாம் என்பேன். அதன் கட்டம் அரைப் பாகைக்கும் மேல் அகலம், தினசரி எண்ணும் மழைமானியில் நேரடியாக அளந்தது அல்ல, கணினியில் ஓடும் வானிலை மாடல் தந்ததைத் திருத்திப் போடுவது. ஐரோப்பியர்களின் ஈரா5 தரவும் அப்படியே, 1940 முதல் இருக்கிறது, காற்று, வெப்பம், ஈரப்பதத்துக்கு அருமை, டெல்டா மழைக்கு முதல் சாட்சியாக வைக்க முடியாது. செயற்கைக்கோளையும் மழைமானியையும் இணைத்த சிர்ப்ஸ் தரவு கட்டம் சிறியது, 1981 முதல் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம்.

தாளடி:

டீச்சரம்மா, நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், அறுபதைத் தாண்டிய விவசாயி. கணக்கெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அக்டோபரிலிருந்து டிசம்பர் என்று பேசுகிறீர்கள். நம்மை அடிக்கிற மழை தை மாதத்தில் அல்லவா வருகிறது? 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் பெய்ததே, கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துப் போனது. 2023 பிப்ரவரி முதல் வாரம் மறுபடியும். அந்தத் தடவை அரசாங்கமே ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நெல் நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் தாண்டிவிட்டது என்று மூட்டையைத் தள்ளி வைக்கிறார்கள், ரோட்டில் கொட்டிக் காயவைத்து மறுபடி அள்ள வேண்டும். அதற்குள் இன்னொரு மழை.

அந்த மழை "வடகிழக்குப் பருவமழை" கணக்கில் வராது. ஜனவரி, பிப்ரவரியை வானிலைக்காரர்கள் குளிர்காலம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அதனால் பருவமழை சராசரி என்று ஓர் அறிக்கை சொல்கிற அதே வருடம் நாம் மொத்தமும் இழந்திருக்கலாம். பயிர் எந்தத் தேதியில் எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நாற்றங்கால், நடவு, தூர் கட்டுவது, பூப்பது, பால் பிடிப்பது, அறுவடை. பிறகு ஒவ்வொன்றுக்கும் எந்த மழை கெடுதல் என்று எழுதுங்கள். நட்ட பத்து நாளுக்குள் மூன்று நாள் தண்ணீர் நின்றால் நாற்று அழுகும், பூக்கிறபோது அடித்துப் பெய்தால் மணி பிடிக்காமல் பதராகும், அறுவடைக்கு நாலு நாள் மழைகூட அதிகம். அந்தத் தேதி ஜன்னல்களில் மட்டும் மழையை எண்ணுங்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் எந்தக் கூட்டத்திலும் ஒரே வரியில் முடிக்க மாட்டார்கள்.

பாமணியாறு:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "எழுதினவர் சேற்றில் இறங்கினவர்" என்றார். பயிர்த் தேதிகளை அவரிடமே கேட்டு எழுதி வைத்துவிட்டேன்.

கணினி ஆசிரியர் உதவியால் 10.75, 79.50 கட்டம் முழுவதும் சிஎஸ்வியாகிவிட்டது. மொத்த மழையை முதலில் வரைந்து பார்த்தேன். தலை சுற்றுகிறது, ஓர் ஆண்டு வானத்துக்கு ஏறுகிறது, அடுத்த ஆண்டு பாதாளத்துக்கு இறங்குகிறது. 2000-இலிருந்து கோடு போட்டால் ஒரு மாதிரி சாய்கிறது, 2016-இலிருந்து போட்டால் நேர் எதிராக. எதை நம்புவது? அப்புறம், "பருவநிலை மாற்றம்தான்" என்று சொல்லலாமா என்ற கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வங்கக்கடல்:

நான் பதில் சொல்கிறேன், வளிமண்டல அறிவியல் படித்தவன்.

முதலில் கோடு. 2015-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட மிக அதிகம், மறு ஆண்டே 62 விழுக்காடு குறைவு, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். இப்படி ஆடும் தொடரில் பள்ளத்திலிருந்து கோட்டைத் தொடங்கினால் அது ஏறத்தான் செய்யும். அதனால் ஆண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முழுத் தொடரையும் எடுங்கள். 1951–1980, 1991–2020 என்று இரண்டு முப்பதாண்டுகளை ஒப்பிடுங்கள், நடுவில் உள்ள பத்தாண்டையும் கண்ணில் வையுங்கள். முப்பது ஆண்டு என்பது உலக வானிலை அமைப்பே வைத்திருக்கும் அளவு. கோடுதான் வேண்டும் என்றால் மான்–கெண்டல் சோதனை, சென் சாய்வு என்ற இரண்டையும் தேடுங்கள், ஓரிரு பேய்மழை ஆண்டுகள் அவற்றை அவ்வளவாக இழுக்காது.

இனி பெரிய கேள்வி. உங்கள் கட்டத்தில் மழை நாள் குறைந்து காய்ச்சல் நீண்டது என்று வந்தால், "எங்கள் பகுதியில் மழையின் போக்கு இப்படி மாறியிருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லலாம், அதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. "மனிதர் வெளியிட்ட கரியமில வாயுதான் காரணம்" என்பது வேறு வாக்கியம், அதற்கு ஓர் ஊரின் மழைத் தொடர் போதாது. 2015 சென்னை மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையில் ஒரு குழு அதைத் தனியாக ஆராய்ந்தது, புவி வெப்பமடைதலின் தாக்கம் அந்த மழையில் இருந்ததாகக் கண்டறிய முடியவில்லை என்று எழுதினார்கள். மேற்கு வங்கக்கடலின் மேற்பரப்பு அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரிதாகச் சூடாகவில்லை, காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பத்தை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லோரும் "ஆம், அதுதான் காரணம்" என்று எதிர்பார்த்துக் காத்திருந்த மழை அது. அப்படியும் அவர்கள் தரவு சொன்னதைத்தான் எழுதினார்கள், அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அதே சமயம், காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது அசைக்க முடியாத இயற்பியல். கனமழை இன்னும் கனக்கும் என்று அறிஞர்கள் சொல்வதற்கு அடிப்படை அது. ஓர் ஊரின் ஒரு மழையில் அதைப் பிரித்துக் காட்டுவதுதான் கடினம்.

வெப்பமடைதலின் தெளிவான தடயம் வேண்டுமென்றால் மழையை விட்டு வெப்பத்துக்கு வாருங்கள், அதிலும் இரவு வெப்பத்துக்கு. வெப்பநிலை மழையைப் போல ஆண்டுக்கு ஆண்டு குதிக்காது, அதனால் போக்கு சீக்கிரம் தெரியும். நெல்லுக்கு அது நேரடியாகப் பொருந்தவும் செய்யும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த வானிலை நிலையப் பதிவையும் 1992 முதல் 2003 வரையிலான தன் வயல்களின் விளைச்சலையும் ஒப்பிட்டது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடியபோது விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தது. வெப்பநிலையையும் விளைச்சலையும் விடாமல் எழுதிய பதிவேடு, அதுதான் அதன் முக்கிய மூலப்பொருள்.

நீங்கள் சம்பா பூக்கும் வாரங்களுக்குக் குறைந்தபட்ச வெப்பநிலையை எடுத்துப் பாருங்கள். வானிலைத் துறைக் கட்டம், நாசா பவர் இரண்டிலும் பாருங்கள். நாகப்பட்டினம் நிலையத்தைச் சேர்க்கும்போது மட்டும் கவனம், நகரம் வளர்ந்தால் நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் பெருகி இரவு சூடாகும், அது வேறு வெப்பம்.

உப்பனாறு:

கடைமடையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தரவு. இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள கடல்மட்ட நிரந்தரச் சேவை உலகத் துறைமுகங்களின் அலைமானிப் பதிவுகளைச் சேர்த்து இலவசமாகத் தருகிறது, மும்பையின் பதிவு 1878 முதல் இருக்கிறது, சென்னையும் உண்டு, நடுவில் விடுபட்ட ஆண்டுகளோடு. அலைமானி காட்டுவது கடல் ஏறியது மட்டும் அல்ல, தரை இறங்கியதும் சேர்ந்தது. செயற்கைக்கோள் 1993 முதல் அளந்ததில் உலகச் சராசரி சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் வேதாரண்யம் பக்கம் நிலம் அவ்வளவு தட்டை, வடிகால் வாயில் கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலே மழைத் தண்ணீர் வடிவது தாமதமாகும், அமாவாசை பௌர்ணமிக்கு ஏற்றம் வந்தால் ஆற்றிலேயே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். பாமணியாறு அவர்களே, தூர்வாரும் கோரிக்கையில் மழையோடு இதையும் ஒரு பத்தி சேருங்கள். வயல் முழுகிய தேதியில் கடல் ஏற்றமா வற்றமா என்று அலை அட்டவணையில் பார்த்துக் குறித்தாலே தண்ணீர் ஏன் மூன்று நாள் நின்றது என்பது பாதி புரிந்துவிடும்.

பாமணியாறு:

அலை அட்டவணை யோசனை பிரமாதம். முழுகிய தேதிகள் அப்பாவின் பழைய டைரிகளில் இருக்கின்றன, 1998 முதல். உரம், கூலிக் கணக்கோடு "இன்று வயலில் முழங்கால் தண்ணீர்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தேதிகளைக் கட்டத் தரவில் ஒரு நாள் தள்ளி ஒட்டிப் பார்க்கிறேன். தாளடி ஐயா சொன்னபடி அறுவடை ஜன்னலை ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார், உங்கள் பக்கமும் அதேதானா?

தாளடி:

எங்கள் பக்கம் நேரடி விதைப்பு அதிகம், பத்து நாள் முன்னே பின்னே ஆகும். உங்கள் ஊரில் நடவு என்றால் அது சரிதான். குறுவைக்குப் பின் நடும் தாளடிப் பயிருக்கு மட்டும் பிப்ரவரி கடைசி வரை நீட்டிக்கொள்ளுங்கள். டைரியைப் பத்திரமாக வையுங்கள் அம்மா, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள், தகவல் உரிமையில் பதிவேடு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கேயே போடுங்கள்.